கேரம் போர்டில் காணாமல் போன ஆறில் ஒரு பங்கு: உராய்வு இருக்கும்போது உந்தம் என்ன ஆகிறது?

போன ஜூலையில் மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, என்னிடம் இயற்பியல் படிக்க வரும் பன்னிரண்டாம் வகுப்புப் பையன் நோட்டை நீட்டி, “சார், மொமெண்டம் கன்சர்வ் ஆகல, நானே அளந்து பார்த்தேன்” என்றான். கிண்டலாகச் சொல்லவில்லை. இரண்டு பக்கம் நிறைய எண்கள், கடைசியில் சிவப்பு மையில் வட்டம் போட்ட ஒரு விடை. உந்தம் (மொமெண்டம்) என்பது நிறையையும் வேகத்தையும் பெருக்கி வருவது, வெளி விசை இல்லாவிட்டால் மோதலுக்கு முன்னும் பின்னும் மொத்த உந்தம் மாறாது என்பது விதி. அவன் கணக்கிலோ மோதலுக்கு முன் இருந்த உந்தத்தில் ஆறில் ஒரு பங்கு மோதலுக்குப் பின் இல்லை.

இது நடந்தது மும்பை தாராவியில், 90 அடி சாலையை ஒட்டிய ஒரு சந்தில், மாடி அறையில். திருநெல்வேலிப் பக்கமிருந்து மூன்று தலைமுறைக்கு முன் வந்த குடும்பங்கள் நிறைய உள்ள தெரு. மழைக்காலத்தில் பையன்களுக்கு வேறு விளையாட்டு கிடையாது, கேரம்தான். அவன் ஆய்வுக்கூடமும் அதுதான். போர்டுக்கு நேர் மேலே, அலமாரிக் கம்பியில் போனைக் கட்டி, விநாடிக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோமோஷனில் வீடியோ எடுத்திருக்கிறான். ஸ்ட்ரைக்கரையும் காயையும் நிறுத்துப் பார்க்க, நகைப்பட்டறையில் வேலை பார்க்கும் அவன் மாமாவிடம் தராசு இரவல் வாங்கியிருக்கிறான். ஸ்ட்ரைக்கர் 15.0 கிராம், காய் 5.3 கிராம். போட்டி விதிப்படி ஸ்ட்ரைக்கர் 15 கிராமைத் தாண்டக் கூடாது, காய் 5 முதல் 5.5 கிராம் வரை இருக்கலாம், ஆக எடை சரியாகவே இருந்தது. இவ்வளவு சிரத்தையாக ஒரு பையன் அளந்து வந்து நிற்கும்போது “உராய்வைக் கணக்கில் எடுக்கக் கூடாதுப்பா, புத்தகத்தில் போட்டிருக்கு” என்று சொல்லி அனுப்பினால் அது பெரிய தப்பு. அதனால் உட்கார்ந்து முதலிலிருந்து பார்த்தோம். அந்த நான்கு வாரக் கதைதான் இது.

அவன் செய்தது இவ்வளவுதான். போர்டின் நடுவில் ஒரு காய். அடிக்கும் கோட்டிலிருந்து ஸ்ட்ரைக்கரை நேராக அதன் மேல் அடித்தான். மோதலுக்கு முந்தைய 18 செ.மீ தூரத்தை ஸ்ட்ரைக்கர் எத்தனை படங்களில் கடந்தது என்று எண்ணி வேகம் கண்டான், விநாடிக்கு 1.57 மீட்டர். மோதலுக்குப் பிறகு காய் முதல் 30 செ.மீ போன வேகம் 1.89, ஸ்ட்ரைக்கர் முதல் 15 செ.மீ போன வேகம் 0.64. நிறையைக் கிராமிலும் வேகத்தை மீட்டரிலும் வைத்துப் பெருக்கினால் முன்னால் 23.6, பின்னால் 19.6. நான்கு குறைகிறது. அது ஏறக்குறைய 17 சதவீதம்.

அவன் முடிவு: போர்டில் உராய்வு இருக்கிறது, உராய்வு வெளி விசை, வெளி விசை இருந்தால் உந்தம் மாறாமல் இருக்காது, ஆகவே இந்த விதி உராய்வு இல்லாத கற்பனைத் தளத்துக்கு மட்டும்தான். ஒவ்வொரு வாக்கியமாக எடுத்தால் கடைசியைத் தவிர எல்லாமே சரி. அதுதான் இதில் எனக்குப் பிடித்த விஷயம். தர்க்கத்தில் பிழை இல்லை, எந்த நேரத்துக்குள் நடந்ததைப் பற்றிப் பேசுகிறோம் என்பதில்தான் பிழை.

முதலில் உராய்வு எவ்வளவு என்று தெரிய வேண்டும். அதற்குக் காயை எடுத்துவிட்டு ஸ்ட்ரைக்கரை மட்டும் மெதுவாக அடித்து, தானாக நிற்கும் வரை படம் பிடித்தோம். கடைசி 30 செ.மீ தூரத்தை 0.68 விநாடியில் கடந்து நின்றது. அப்படியானால் வேகம் விநாடிக்கு விநாடி 1.3 மீட்டர் குறைகிறது, உராய்வுக் குணகம் (உராய்வு விசை, பரப்பை அழுத்தும் விசையில் எத்தனை பங்கு என்பது) 0.13 சுமார். காயை மட்டும் ஓடவிட்டாலும் கிட்டத்தட்ட அதே எண் வந்தது, எடை குறைவு என்பதால் அது ஒன்றும் மாறாது. இது போரிக் பவுடர் தூவிய போர்டு.

இந்த ஓர் எண்ணை வைத்துக்கொண்டு அவன் நோட்டுக்குத் திரும்பினால் காணாமல் போன நான்கும் கிடைத்துவிடுகிறது. முதல் 18 செ.மீ வருவதற்குள் ஸ்ட்ரைக்கர் 1.65-லிருந்து 1.50-க்கு இறங்கியிருக்கிறது. அவன் எடுத்த 1.57 என்பது இரண்டுக்கும் நடுவில் இருந்த வேகம், மோதிய கணத்தின் வேகம் இல்லை. மோதியபின் ஸ்ட்ரைக்கர் கிளம்பியது 0.80-ல், ஆனால் 15 செ.மீ முடியும்போது அதன் வேகம் 0.49. மெதுவாகப் போகிற பொருள் அதே தூரத்தைக் கடக்க அதிக நேரம் எடுக்கும், அத்தனை நேரமும் உராய்வு அதைப் பிடித்துக்கொண்டே இருக்கும், அதனால் பெரிய இழப்பு இங்கேதான். காய்க்கு இழப்பு குறைவு, 2.0-லிருந்து 1.79 வரைதான். அவன் கண்ட ஆறில் ஒரு பங்கு உண்மையான இழப்புதான், அளவு பொய் இல்லை. ஆனால் அது மோதலில் தொலைந்தது அல்ல, மோதலுக்கு முன்னும் பின்னுமாக முப்பது நாற்பது படங்களில் கொஞ்சம் கொஞ்சமாகப் போர்டுக்குப் போனது. போர்டு ஸ்டாண்டுக்கும், ஸ்டாண்டு தரைக்கும், தரை பூமிக்கும் அதைக் கடத்திவிட்டது.

மோதல் என்று நாம் சொல்கிற நிகழ்வு எவ்வளவு நேரம்? வீடியோவில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடைவெளி 4.17 மில்லிவிநாடி. ஒரு படத்தில் ஸ்ட்ரைக்கர் காயைத் தொடவில்லை, அடுத்த படத்தில் காய் கிளம்பிவிட்டது. இதுபோன்ற கெட்டியான பொருட்கள் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஒரு மில்லிவிநாடிக்கும் குறைவு. பேச்சுக்கு ஒரு மில்லிவிநாடி என்றே வைத்துக்கொள்வோம். அந்த நேரத்தில் காய் வாங்கும் உந்தம் 10.6, ஆக அதைத் தள்ளிய விசை சராசரியாக 10.6 நியூட்டன், கிட்டத்தட்ட ஒரு கிலோ எடையைத் தூக்கிப் பிடிக்கும் விசை, 5 கிராம் காயின் மேல்! அதே காயைப் போர்டு பிடித்திழுக்கும் உராய்வு விசை 0.007 நியூட்டன். ஆயிரத்து ஐந்நூறில் ஒரு பங்கு. ஸ்ட்ரைக்கரையும் சேர்த்துப் போர்டின் உராய்வு அந்த ஒரு மில்லிவிநாடியில் திருடக்கூடிய உந்தம் 0.026. மொத்தம் 22.5. எவ்வளவு தாராளமாக ஒரு முழுப் படத்தின் 4.17 மில்லிவிநாடியைக் கொடுத்தாலும் அரை சதவீதத்தைத் தாண்டாது.

இதைக் கேட்டதும் பையன் ஒப்புக்கொள்ளவில்லை, எனக்கு அது சந்தோஷம்தான். “நீங்க ஃபார்முலாவ வச்சு பின்னாடி கணக்கு போட்டு சரி பண்ணிட்டீங்க சார், அது நிரூபணம் ஆகுமா?” என்றான். நியாயமான கேள்வி. உராய்வை அதிகமாக்கிப் பார்ப்பதுதான் இதற்கு வழி. விதி தப்பு என்றால், உராய்வு கூடக் கூட மோதலின் இழப்பும் கூட வேண்டும். மும்பையில் ஜூலை மாதம் உராய்வைக் கூட்ட ஒன்றும் செய்ய வேண்டாம், பவுடரைத் துடைத்துவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும், ஈரக் காற்றில் போர்டு காயைப் பிடித்துக்கொள்ளும். ஒரு மணி நேரம் கழித்து அளந்தால் வேகக் குறைவு விநாடிக்கு விநாடி 2.2 மீட்டர். நிறையத் தடவை அடித்து, மோதும் வேகம் முன்பு போலவே 1.5 பக்கம் வந்த அடிகளை மட்டும் எடுத்துக்கொண்டோம். அவன் பழைய முறைப்படி கணக்கிட்டால் இழப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது, ஸ்ட்ரைக்கர் 15 செ.மீ கோட்டைத் தொடாமலே நின்றது. மோதலுக்கு ஒட்டி முன்னே ஐந்து படங்கள், ஒட்டிப் பின்னே ஐந்து படங்கள் மட்டும் எடுத்து வேகம் கண்டால் முன் 22.4, பின் 21.6. பவுடர் போர்டில் இதே முறையில் வந்தது முன் 22.9, பின் 22.1. வீடியோவில் ஒரு மில்லிமீட்டருக்கு நுட்பமாக எங்களால் இடம் குறிக்க முடியாது, ஐந்து படத்தில் ஸ்ட்ரைக்கர் நகர்வதே மூன்று செ.மீ, ஆக 3 சதவீதம் போல ஆட்டம் இருக்கும். உராய்வு 1.3-லிருந்து 2.2 ஆனது, மோதலின் கணக்கு அசையவில்லை. நோட்டில் இதை அவனே எழுதினான், நான் எதுவும் சொல்லவில்லை.

இந்த இடத்தில் நியூட்டனைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இந்தப் பையன் மாட்டிக்கொண்ட அதே இடத்தில் அவரும் நின்றிருக்கிறார். 1687-ல் வெளிவந்த தன் நூலில், 10 அடி நூலில் கட்டிய ஊசல் குண்டுகளை மோதவிட்டுச் செய்த சோதனைகளை அவர் விவரிக்கிறார். அங்கே தொல்லை கொடுத்தது போர்டு உராய்வு இல்லை, காற்றுத் தடை. அதை விட்டுவிடலாம் என்று அவர் சொல்லவில்லை. முதலில் ஒரு குண்டை மட்டும் தனியாக ஆடவிட்டு, ஒரு முழு ஆட்டம் முடிந்து திரும்பும்போது கிளம்பிய இடத்துக்கு எவ்வளவு குறைவாக வருகிறது என்று பார்த்தார். அதில் நான்கில் ஒரு பங்கு, ஒரு தடவை கீழே இறங்குவதற்கான இழப்பு. அதைக் கழித்தால் மோதும் புள்ளியில் உண்மையான வேகம் கிடைக்கும், மோதியபின் ஏறும் உயரத்துக்கும் அதே திருத்தம். நாங்கள் ஸ்ட்ரைக்கரைத் தனியாக ஓடவிட்டு 1.3 கண்டுபிடித்தது அச்சாக இதேதான். இந்தப் பகுதி பள்ளிப் பாடத்தில் வருவதே இல்லை, விதி மட்டும் வருகிறது, அது எப்படி அழுக்கான உலகத்தில் அளந்து எடுக்கப்பட்டது என்பது வருவதில்லை. எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு.

சரி, கதை இத்தோடு முடிந்திருந்தால் “மோதல் நேரம் சிறியது, உராய்வை விட்டுவிடலாம்” என்று எழுதி நோட்டை மூடியிருப்போம். பெரும்பாலான வகுப்புகளில் அப்படித்தான் சொல்லித் தருகிறார்கள். அது அரைகுறை என்று எங்களுக்குக் காட்டியது மூன்றாவது வாரம்.

அவன் மாமா நன்றாகக் கேரம் ஆடுவார், ஓரக் கட்டையில் பட்டுத் திரும்பும் அடியில் கை தேர்ந்தவர். அதையும் அளக்கலாமே என்று பையன் ஸ்ட்ரைக்கரைச் சாய்வாகக் கட்டையில் அடித்தான். கட்டைக்குச் செங்குத்தான திசையில் ஸ்ட்ரைக்கரின் வேகம் 1.0, கட்டையை ஒட்டிய திசையில் 0.98. செங்குத்துத் திசையில் உந்தம் மாறும் என்பது தெரிந்ததே, கட்டை தள்ளுகிறது, கட்டை நம் கணக்குக்கு வெளியே இருக்கிறது. 0.70 வேகத்தில் திரும்பியது. ஒட்டிய திசையில் தள்ளுவதற்கு ஒன்றும் இல்லை, உராய்வு மட்டும்தான், அதுவும் ஒரு மில்லிவிநாடிக்குள். விட்டுவிடலாம் அல்லவா? அப்படியானால் 0.98 அப்படியே இருக்க வேண்டும். வந்தது 0.75.

ஐந்து படம், பத்து படம், எப்படி எடுத்தாலும் 0.75 பக்கத்திலேயே நிற்கிறது. போர்டின் உராய்வு ஒரு மில்லிவிநாடியில் குறைக்கக்கூடியது 0.0013. குறைந்திருப்பதோ 0.23. நூற்று எழுபது மடங்குக்கும் மேல். நேரத்தைச் சொல்லி இதைத் தள்ளவே முடியாது.

விஷயம் என்னவென்றால் உராய்வு விசை தன்னளவில் சிறியதோ பெரியதோ இல்லை, அது தொடும் பரப்புகளை அழுத்தும் செங்குத்து விசையைப் பார்த்து வளரும். போர்டின் மேல் ஸ்ட்ரைக்கரை அழுத்துவது அதன் சொந்த எடை மட்டும், மோதலின்போதும் அதே எடைதான், அதனால் அந்த உராய்வு சாதுவாக இருக்கிறது. கட்டையில் மோதும்போது ஸ்ட்ரைக்கரைக் கட்டையோடு அழுத்துவதே மோதல் விசைதான். விசை நூறு மடங்கு எகிறினால் உராய்வும் நூறு மடங்கு எகிறும். நேரம் சுருங்கச் சுருங்க விசை பெருகும், ஆக நேரம் கணக்கிலிருந்தே விழுந்துவிடுகிறது: ஒட்டிய திசையில் குறையும் வேகம், செங்குத்துத் திசையில் மாறிய வேகத்தை உராய்வுக் குணகத்தால் பெருக்கியது, அவ்வளவுதான். இங்கே செங்குத்து மாற்றம் 1.0 கூட்டல் 0.70, அதாவது 1.7. 0.23-ஐ 1.7-ஆல் வகுத்தால் 0.135, அதுதான் கட்டையின் உராய்வுக் குணகம். மோதல் நேரம் ஒரு மில்லிவிநாடியா அதில் பத்தில் ஒன்றா என்று தெரியவே தேவையில்லை.

இதைச் சரிபார்க்க ஒரு வழி இருந்தது. கட்டை விளிம்பில் ஸ்ட்ரைக்கரை இழுத்திருந்தால் அது சுழலவும் தொடங்கியிருக்க வேண்டும். வட்டத் தகடு ஒன்றின் ஓரத்தில் அப்படி இழுத்தால், குறைந்த வேகத்தை இரண்டால் பெருக்கி ஆரத்தால் வகுத்தால் சுழற்சி வேகம் கிடைக்கும், எங்கள் ஸ்ட்ரைக்கருக்கு விநாடிக்கு மூன்றரைச் சுற்று. ஸ்ட்ரைக்கரின் மேல் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டு, மோதும் வரை கோடு திரும்பாமல் வந்த அடிகளை மட்டும் பொறுக்கினோம். விரலில் சுண்டும்போது சுழற்சி வராமல் அடிப்பது லேசில்லை, இதற்கே ஒரு முழு மாலை போனது. மோதியபின் பத்துப் படங்களில் கோடு 50 டிகிரி திரும்பியிருந்தது. விநாடிக்கு 3.3 சுற்று. பையன் முகத்தை அப்போது நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

இதே தர்க்கம்தான் நுழைவுத் தேர்வுக் கேள்விகளில் பலரைக் கவிழ்க்கிறது. டெம்போவிலிருந்து வீசிய மூட்டை தரையில் விழுகிறது என்று வையுங்கள். அரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான உயரத்திலிருந்து விழுந்தால் தரையைத் தொடும்போது கீழ்நோக்கிய வேகம் 3 மீட்டர். குணகம் 0.4 என்றால், விழுந்த அந்தக் கணத்திலேயே, சறுக்கத் தொடங்கும் முன்பே, கிடைமட்ட வேகத்தில் 1.2 மீட்டர் போய்விடும். “கிடைமட்டத்தில் திடீர் விசை எதுவும் இல்லை, அதனால் வேகம் மாறாது” என்று எழுதினால் மதிப்பெண் போச்சு. இறங்கும் மூட்டையைக் கையில் ஏந்திய எந்தச் சுமை தொழிலாளிக்கும் இது தெரியும்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். ஸ்ட்ரைக்கர் காயைச் சாய்வாக வெட்டி அடிக்கும்போது இரண்டின் விளிம்புக்கும் நடுவிலும் உராய்வு இருக்கிறது, அதுவும் மோதல் விசையால் எகிறிய பெரிய உராய்வுதான். அதனால் காய் மையக் கோட்டிலிருந்து கொஞ்சம் விலகிப் போகும், இரண்டுமே சுழலும். ஆனால் மொத்த உந்தத்தில் அது ஒரு துளியும் எடுக்காது, ஏனென்றால் ஸ்ட்ரைக்கரிடம் எடுத்ததை அப்படியே காயிடம் கொடுக்கிறது. உராய்வு என்ற பெயரைக் கேட்டதும் பயப்படக் கூடாது, யாருக்கும் யாருக்கும் நடுவில் என்று கேட்க வேண்டும்.

நேர் மோதலில் மிச்சமிருந்த அந்த 3 சதவீதத்தையும் நான் விடவில்லை. எட்டு அடிகளில் ஆறில் பின்னது முன்னதைவிடக் குறைவு, இரண்டில்தான் கூடுதல். வெறும் அளவுப் பிழை என்றால் பாதிக்குப் பாதி வந்திருக்கும் என்று எதிர்பார்க்கலாம், எட்டே அடிகளை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாதுதான். ஆனால் ஒரு காரணம் இருக்க முடியும். ஸ்ட்ரைக்கர் விளிம்பும் காய் விளிம்பும் ஒரே உயரத்தில் தொடவில்லை என்றால் மோதல் விசை கொஞ்சம் சாய்ந்திருக்கும், ஒன்றை மேலே தூக்கும், மற்றதைப் போர்டில் அழுத்தும். பலமான அடியில் காய் எகிறிக் குதிப்பதை ஆடியவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். அழுத்தப்பட்டதற்குப் போர்டின் உராய்வும் அந்தக் கணத்தில் எகிறும், கட்டையில் நடந்தது சிறிய அளவில் இங்கேயும் நடக்கும். அடுத்து போனைப் போர்டு மட்டத்தில் பக்கவாட்டில் வைத்துப் பலமான அடிகளை எடுப்பதாக இருக்கிறோம்.

நான்காவது வாரம் மாமாவே மேலே வந்தார். கட்டை அடிக் கணக்கைப் பையன் காட்டினான். கட்டைக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து பார்த்தால் ஸ்ட்ரைக்கர் உள்ளே வந்தது 44 டிகிரியில், வெளியே போனது 47 டிகிரியில். கண்ணாடியில் ஒளி திரும்புகிற மாதிரி, கிட்டத்தட்ட சமம். கட்டையில் உராய்வே இல்லையென்றால் 54 டிகிரிக்கு விரிந்திருக்கும், ஏனென்றால் செங்குத்து வேகம் மட்டும் 0.70-க்குக் குறைந்து மற்றது அப்படியே இருந்திருக்கும். இரண்டு திசையிலும் இழப்பு கிட்டத்தட்ட ஒரே விகிதத்தில் நடப்பதால்தான், வந்த கோணத்திலேயே போகும் என்று நம்பி எல்லோரும் குறி வைக்க முடிகிறது.

மாமா அதைக் கேட்டுவிட்டு, “அதுக்குத்தான்டா நான் கட்டைய தொடச்சிட்டு அடிக்கேன், பவுடர் ஏறிட்டா அகலமா ஓடும்” என்றார். அவர் கட்டை அடிக்கு முன்னால் கைக்குட்டையால் ஓரத்தை ஒரு தடவை துடைப்பதைத் தெருவில் எல்லோரும் பார்த்திருக்கிறோம், அது அவர் பழக்கம் என்றுதான் நினைத்திருந்தோம். பையன் உடனே கட்டை ஓரமாகப் பவுடரைத் தடவி அதே அடியை அடித்தான். 52 டிகிரி.